வாய் திறக்காத பிள்ளைக்கு எவ்வளவு தெரியும்? ஆசிரியர் கண்டுபிடிக்க ஒரு வழிமுறை

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஐந்தாறு பேராவது கேள்வி கேட்டால் எழுந்து நிற்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள். அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் அவர்களில் சிலருக்கு 'மக்கு' என்றும், கையெழுத்து அழகாக இருந்துவிட்டால் 'நிறைகுடம்' என்றும் ஆசிரியர் அறையில் பெயர் விழுந்துவிடும். இரண்டு பெயருக்கும் ஆதாரம் ஒன்றுதான்: பிள்ளை பேசவில்லை. அதை வைத்து அறிவை அளக்க முடியாது, கூட்டியும் முடியாது, குறைத்தும் முடியாது. ஆசிரியருக்குத் தகவல் வரும் ஒரு வழி அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான் தெரிகிறது. வேறு வழிகளைத் திறந்து பார்க்கும் முறை இது. மூன்றாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பொருந்தும். நான்கு வாரம் பிடிக்கும். ஒரு நோட்டு, சிலேட்டு அல்லது துண்டுத்தாள், நொடிமுள் உள்ள கடிகாரம் போதும்.

தொடங்குமுன் நம் கண்ணையே கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். பேசாத பிள்ளை, அதிகம் பேசும் பிள்ளை என்று கற்பனைப் பிள்ளைகளை விவரித்து, கனடாவில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்ட ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. பேசாத பிள்ளைக்குப் படிப்பும் அறிவும் குறைவாக இருக்கும் என்றே ஆசிரியர்கள் மதிப்பிட்டார்கள். பெரியவர்களிடமும் இதே கதைதான். அமெரிக்காவில் ஆண்டர்சன், கில்டஃப் என்ற இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், குழுவாகக் கணக்குப் போட்டவர்கள், முந்திக்கொண்டு பேசியவர்களையே திறமைசாலிகள் என்று நம்பினார்கள். அவர்களுடைய கணக்குத் திறமையோ மற்றவர்களைவிட உயர்ந்ததாக இல்லை. முதலில் யார் ஒரு விடையைச் சொன்னாரோ, அதுவே பெரும்பாலும் குழுவின் விடையாகிவிட்டது. வகுப்பில் "சார் சார்" என்று கையை ஆட்டும் பிள்ளையிடம் நாமும் இப்படித்தான் மயங்குகிறோம்.

முதல் வாரம்: எழுதி வையுங்கள், முடிவு கட்டாதீர்கள்

ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு மேல் போனால் குறிப்பு எழுதுவது நாலாம் நாளே நின்றுவிடும். ஆளுக்கு ஒரு பக்கம். எந்த நேரம், எந்தப் பாடம், பக்கத்தில் யார், என்ன செய்தாள் என்று நான்கு கட்டம். "கூச்ச சுபாவம்", "ஆர்வமில்லை" என்ற சொற்களை எழுதாதீர்கள், அவையெல்லாம் தீர்ப்புகள். "ஆங்கில வகுப்பில் கேட்டதற்குத் தலையை ஆட்டினாள், சத்துணவு வரிசையில் தோழியுடன் ஐந்து நிமிடம் பேசினாள்" என்பது குறிப்பு.

ஐந்து நாள் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால் ஏதாவது ஒரு சாயல் தெரியும். ஒரு பாடத்தில் மட்டும் மௌனம் என்றால் அந்தப் பாடத்தையோ, அதை நடத்துபவரையோ பார்க்க வேண்டும். தமிழில் பேசி ஆங்கிலத்தில் அடங்கிப்போனால் மொழிச் சிக்கல். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள், திருப்பூருக்கு வேலை தேடி வந்த ஒடிசா, பீகார்க் குடும்பத்துப் பிள்ளைகள், தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழிக்கு மாற்றப்பட்டவர்கள் எல்லோரும் இதில் வருவார்கள். புது மொழிக்குள் வந்த பிள்ளை சில மாதங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது இயல்பு. அந்தப் பிள்ளைக்குச் சொற்கள் குறைவாக உள்ள ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். படமும் எண்ணும் போதும்.

"தெரியல" என்ற பதிலையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் சரியாகப் போட்ட கணக்குக்கே வாயால் கேட்டால் "தெரியல" என்று வந்தால், திக்குவாய் இருக்கலாம். திக்கும் பிள்ளைக்கு "தெரியல" என்பது கேள்வியிலிருந்து சீக்கிரம் தப்பும் வழி. தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில் விடுவது, சொல்ல வந்த சொல்லை மாற்றி வேறு சொல் போடுவது, வாசிக்கக் கூப்பிடும் வேளையில் தண்ணீர் குடிக்கப் போவது ஆகியவை அதன் அடையாளங்கள்.

காதைப் பாருங்கள்

ஒரு பக்கக் காது மந்தமான பிள்ளையை "கவனிக்கவே மாட்டான்" என்று வருடக்கணக்கில் திட்டிக்கொண்டிருப்பது அபூர்வம் இல்லை. சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டாலும் சில வாரம் கேட்கும் திறன் குறையும். வகுப்பிலேயே செய்யக்கூடிய கிசுகிசுப்புச் சோதனை ஒன்று உண்டு.

சத்தமில்லாத அறையில் பிள்ளையை உட்கார வைத்து, பின்னால் ஒரு கை நீளத்தில், சுமார் 60 செ.மீ. தள்ளி நில்லுங்கள். உதட்டசைவு தெரியக் கூடாது என்பதற்காகத்தான் பின்னால். சோதிக்காத காதின் முன்னால் உள்ள சிறு மடலை விரலால் மெல்ல அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருங்கள், அந்தக் காதுக்குக் கேட்காமல் இருக்க. மூச்சை முழுக்க வெளியே விட்டபின் மூன்று எண்களைக் கிசுகிசுங்கள்: "நாலு, ஒன்பது, ரெண்டு." மூச்சை விடாமல் பேசினால் கிசுகிசுப்பு சத்தமாகிவிடும், சோதனை வீண். மூன்றையும் சரியாகச் சொன்னால் அந்தக் காது பரவாயில்லை. தவறினால் வேறு மூன்று எண்கள். மொத்தம் ஆறு எண்களில் குறைந்தது மூன்று சரியாக வர வேண்டும். அடுத்த காதுக்குப் புது எண்கள்.

நம் பிள்ளையோ பேசாத பிள்ளை. திருப்பிச் சொல் என்றால் அங்கேயும் மௌனம்தான் வரும், அதைக் காது கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டு விடுவோம். அதனால் 0 முதல் 9 வரை எழுதிய அட்டைகளை மடியில் பரப்பி, தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தேறாவிட்டால் ஆண்டாய்வுக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் சிறார் நலத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் பெயர் கொடுங்கள். அவர்கள் வர மாதக்கணக்காகும் என்றால் காத்திருக்காமல் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் பெற்றோரை அனுப்புங்கள். இந்தச் சோதனை சந்தேகத்தை எழுப்புவதற்குத்தான், நோயை உறுதி செய்ய அல்ல. கரும்பலகை தெரிகிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் வாரம்: கேட்டபின் வாயை மூடுங்கள்

மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து ஒன்றைக் கண்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதற்குள் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார்கள், அல்லது தாமே விடை சொல்லிவிடுவார்கள். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசத் தொடங்கினார்கள். பிள்ளைகளின் அறிவு ஒரே நாளில் வளர்ந்துவிடவில்லை, கடிகாரம்தான் மாறியது.

செய்முறை: கேள்வியை முதலில், பெயரைப் பிறகு. "செல்வி, ஆவியாதல் என்றால் என்ன?" என்று தொடங்கினால் செல்விக்குப் பதற்றம், மீதி 39 பேருக்கு விடுமுறை. கேள்வியைச் சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து வரை நிதானமாக எண்ணுங்கள். அதுவரை யாரும் கை தூக்கக் கூடாது என்பது விதி. பிள்ளை பதில் சொன்ன பின்னும் "சரி, அடுத்து" என்று பாயாமல் மூன்று எண்ணுங்கள். பாதி விடையோடு நின்ற பிள்ளை மீதியைச் சொல்வது அந்த மூன்று நொடியில்தான்.

கெட்டுப்போவது எங்கே என்றால், நடுவில் நாமே கேள்வியை வேறு சொற்களில் திருப்பிக் கேட்கிறோம். பிள்ளை பாதி யோசித்ததை விட்டுவிட்டுப் புதுக் கேள்வியை முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று, நிற்கும் பிள்ளையையே உற்றுப் பார்ப்பது. அந்த ஐந்து நொடியும் கண்ணை வகுப்பு முழுக்க ஓட விடுங்கள்.

வாயை விட்டுக் கைக்கு மாற்றுங்கள்

தினம் ஒரு பாடவேளையில் ஒரு கேள்விக்காவது எல்லோரும் எழுதிக் காட்டும் முறையைக் கொண்டுவாருங்கள். சின்ன வகுப்பில் சிலேட்டு, பெரிய வகுப்பில் ஏ4 தாளை நாலாகக் கிழித்த துண்டு. ஒரு நிமிடம் எழுத, பிறகு "காட்டு" என்றதும் எல்லாரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். ஒன்றாக என்பது முக்கியம். அரை நொடி பிந்தினால்கூடப் பக்கத்துச் சிலேட்டைப் பார்த்து மாற்றிவிடுவார்கள்.

என்ன கேள்வி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வரையறை கேட்டால் மனப்பாடம்தான் தெரியும். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு மூன்று படியாகக் கேளுங்கள். மண்பானையை எடுத்துக்கொள்வோம்.

முதல் படி: மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? புத்தகத்தில் உள்ளது. நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. இதை எழுதியவர் படித்திருக்கிறார் என்று மட்டும் சொல்லலாம்.

இரண்டாம் படி: அடைமழைக் காலத்தில் அதே பானை கோடையில் குளிர்ந்த அளவு குளிருமா? இது புத்தகத்தில் நேராக இல்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், ஆவியாதல் குறையும், குளிர்ச்சியும் குறையும் என்று கோத்துப் பார்க்க வேண்டும். "மழைக்காலத்தில் தண்ணீர் ஜில்லுனுதான் இருக்கும்" என்று எழுதும் பிள்ளையும் முட்டாள் அல்ல. காற்றே குளிர்ந்திருப்பதைச் சொல்கிறது. "வெளியில் உள்ள காற்றைவிட எவ்வளவு குளிரும்?" என்று கேள்வியைத் திருத்திக் கொடுங்கள்.

மூன்றாம் படி: பானைக்கு வெளியே பெயின்ட் அடித்துவிட்டால் என்ன ஆகும்? "ஓட்டை அடைஞ்சிடும், குளிராது." இந்த மூன்று சொல்லை, எழுத்துப் பிழையோடு, ஆண்டு முழுக்கப் பேசாத ஒரு பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். முதல் படியைக் கடகடவென்று ஒப்பித்த பிள்ளை இங்கே தாளை வெறுமையாகக் கொடுக்கலாம். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள்.

கணக்கிலும் இப்படித்தான். 0.6, 0.45 இரண்டில் எது பெரியது என்று கேட்டு "0.45, ஏன்னா 45 பெருசு" என்று வந்தால், புள்ளிக்குப் பின் உள்ளதை முழு எண்ணாகப் படிக்கிறது என்று தெரிந்துவிட்டது. விடையோடு "ஏன்" என்ற ஒரு வரியையும் கட்டாயம் கேளுங்கள். காரணம் இல்லாத தவறான விடையிலிருந்து ஆசிரியருக்கு ஒன்றும் கிடைக்காது.

தாள்களை மதிப்பெண் போட்டுத் திருப்பித் தர வேண்டாம். மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: காரணம் சரி, காரணம் தவறு ஆனால் யோசனை இருக்கிறது, வெறுமை. 40 தாளுக்குப் பத்து நிமிடம் ஆகும். வாரம் மூன்று முறை செய்தால் இரண்டு வாரத்தில் ஆளுக்கு ஆறு தாள். ஒரு தாளை நம்பாதீர்கள், ஆறையும் சேர்த்துப் பாருங்கள்.

நல்ல நோட்டு, அழகான கையெழுத்து

'நிறைகுடம்' என்று பெயர் வாங்கிய பிள்ளைகளிடம் வருவோம். கஷ்டம் கொடுக்காத பிள்ளையை யாரும் சோதிப்பதில்லை. கரும்பலகையில் உள்ளதை அச்சு மாதிரி நோட்டில் எழுதி, எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது உதட்டை அசைத்து, வம்பு வழக்கு இல்லாமல் எட்டாம் வகுப்பு வரை வந்துவிட்ட பிள்ளைக்கு ஒரு பத்தியைத் தனியாக வாசிக்கத் தெரியாமல் இருக்கும். பள்ளியில் நமக்கு நடக்கும் மிகப் பெரிய ஏமாற்றம் இதுதான். அதில் நமக்கும் பங்கு உண்டு. எல்.கே.ஜி.யிலிருந்து கையைக் கட்டு, வாயைப் பொத்து என்று பழக்கிவிட்டு, நன்றாகப் பொத்தியவருக்கே 'நல்ல பிள்ளை' பட்டம் கொடுக்கிறோம்.

கூட்டு வாசிப்பில் உதடுகளைக் கவனியுங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளையின் உதடு மற்றவர்களுக்கு அரை நொடி பின்னால் அசையும். விரல் வரியில் இருக்காது, அல்லது எல்லாரும் முடித்த பிறகும் நடு வரியில் நிற்கும். சந்தேகம் வந்தால் தனியே கூப்பிட்டு, பாடப்புத்தகத்தில் இல்லாத பத்தி ஒன்றைக் கொடுங்கள். பாடப்புத்தகப் பத்தியை மனப்பாடமாகவே ஒப்பித்துவிடுவார்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் தன் ஏசர் ஆய்வில் 2005 முதல் பயன்படுத்தும் வரிசை எளிது: எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவுப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவுக் கதை. பத்தியில் தொடங்கி, வந்தால் கதைக்கும், வராவிட்டால் சொல்லுக்கும் போக வேண்டும். வாயால் வாசிக்காத பிள்ளைக்கு, ஐந்து வாக்கியங்களையும் ஐந்து படங்களையும் கொடுத்துப் பொருத்தச் சொல்லுங்கள்.

மூன்றாம் வாரம்: இருவராக, பிறகு தனியாக

ஃபிராங்க் லைமன் 1981இல் அமெரிக்காவில் வகுத்த 'யோசி, இணை, பகிர்' முறை நம் ஊரில் பயிற்சிப் பட்டறைகளில் அடிபடும் பெயர்தான், ஆனால் வகுப்பில் பெரும்பாலும் முதல் படியை விழுங்கிவிட்டுச் செய்கிறோம். யோசித்து எழுத ஒரு நிமிடம் முழுதாகக் கொடுத்த பிறகே இருவராகப் பேச இரண்டு நிமிடம். எழுதாமல் பேச விட்டால் வாயாடி பேசுவான், மற்றவன் தலையாட்டுவான். பகிரும்போது தன் கருத்தைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவர் சொன்னதைச் சொல்ல வேண்டும் என்று வைத்தால், பேசாத பிள்ளையின் யோசனை வேறொரு வாய் வழியாக வகுப்புக்கு வந்துவிடும். ஜோடி சேர்க்கும்போது வகுப்பிலேயே அதிகம் பேசுபவரோடு போடாதீர்கள், இன்னொரு மௌனியோடும் வேண்டாம். நடுத்தரமாகப் பேசும், அவசரப்படாத பிள்ளை வேண்டும்.

தனிச் சந்திப்புக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும். ஆசிரியர் அறையில் வைத்தால் மற்ற ஆசிரியர்கள் "என்னடா, வாயில முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்பார்கள், அன்றோடு முடிந்தது. மரத்தடியிலோ காலி வகுப்பிலோ, எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். நடுவில் கையால் செய்யும் ஒரு வேலை இருக்கட்டும்: தீக்குச்சிப் புதிர், துண்டுப் படம், உதிர்ந்த இலைகளை வகை பிரிப்பது. முதல் இரண்டு நிமிடம் கேள்வியே கூடாது. "இந்த இலைக்கு ஓரம் ரம்பம் மாதிரி இருக்கு" என்று உங்கள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு தப்புச் செய்யுங்கள். வேப்பிலையைத் தப்பான குவியலில் போடுங்கள். பேசச் சொன்னால் பேசாத பிள்ளை, தப்பைத் திருத்தக் கை நீட்டும். "ஏம்ப்பா, அங்கயா போடணும்?" என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். தலையாட்டினாலும் அது பதில்தான். அடுத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி, கடைசியில்தான் "ஏன்".

"சத்தமா சொல்லிக்கிட்டே போடு" என்று வற்புறுத்த வேண்டாம். ஹீஜங் கிம் என்ற உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே புதிர்களைத் தீர்க்கச் சொன்னபோது ஐரோப்பிய வழி அமெரிக்க மாணவர்களுக்கு அது தடையாக இல்லை. கிழக்காசிய வழி வந்த மாணவர்களுக்கு மட்டும் திறன் குறைந்தது. பேச்சோடு சேர்ந்து யோசிப்பவர்களும் உண்டு, பேச்சு குறுக்கே வந்தால் யோசனை அறுபடுபவர்களும் உண்டு.

வீட்டில் வாயாடி, பள்ளியில் ஊமை

பெற்றோர் கூட்டத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: "வீட்டில் எப்படி?" அம்மா சிரித்துக்கொண்டு "வீட்டுல வாய் ஓயாது சார்" என்றால், பள்ளியில் ஒரு சொல்கூட வராத நிலை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அது தேர்ந்த மௌனம் எனப்படும் பதற்றக் கோளாறாக இருக்கலாம். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது, அப்போது பல பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கும், பள்ளிக்கு வந்த பிறகே கண்ணில் படும். பிடிவாதம், திமிர் என்று எடுத்துக்கொண்டு தண்டித்தால் இன்னும் இறுகும். பேசினால் சாக்லேட் தருகிறேன் என்பதும் அதே வேலையைத்தான் செய்யும்.

பள்ளி முடிந்ததும் காலி வகுப்பில் அம்மாவும் பிள்ளையும் விளையாடிப் பேசட்டும். ஆசிரியர் முதலில் வராந்தாவில், சில நாள் கழித்து வாசலில், பிறகு மூலையில் நோட்டுத் திருத்திக்கொண்டு, பிறகு விளையாட்டில். பேச்சு நின்றால் ஒரு படி பின்வாங்குங்கள். முதல் சொல் வரும் நாளில் வகுப்பைக் கைதட்டச் சொல்லாதீர்கள். பென்சில் கேட்டால் பென்சிலைக் கொடுங்கள், அவ்வளவே. இத்தோடு மாவட்டத்தின் டி.இ.ஐ.சி. (குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் அரசு) மையத்துக்கோ மனநலப் பிரிவுக்கோ அனுப்பவும் வேண்டும், ஆசிரியர் மட்டும் சமாளிக்கும் விஷயம் அல்ல.

ஐ.க்யூ. சோதனை வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கற்றல் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும், ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் குழுமம்) பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் போக வேண்டும். நம் நாட்டில் அதிகம் பயன்படும் பினே-காமத் சோதனையில் வாய்விடை நிறைய. பதில் சொல்லாத பிள்ளைக்கு அங்கே மதிப்பெண் இல்லை, தெரியாதவருக்கும் பேசாதவருக்கும் ஒரே பூஜ்யம். 1938இல் வந்த ரேவன் சோதனையில் விடுபட்ட கட்டத்துக்கு உரிய படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். பொதுவான வடிவத்தில் 60 வினா, சிறு பிள்ளைகளுக்கான வண்ண வடிவத்தில் 36. ஆனால் அது வடிவங்களைக் கோத்துப் பார்க்கும் திறனைத்தான் தொடும், மொழியறிவைத் தொடாது. அறிக்கை வாங்கும்போது "எந்தெந்தப் பகுதிக்குப் பிள்ளை பதிலே சொல்லவில்லை?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இணையத்தில் கிடைக்கும் வினாத்தாள்களை வைத்து நீங்களே போட்டுப் பார்க்காதீர்கள். பிறகு உளவியலாளர் செய்யும் உண்மைச் சோதனை கெட்டுப்போகும்.

நான்காம் வாரம்: மதிப்பெண்ணும் குறிப்பும்

வகுப்பிலேயே செயல்பாடுகளை வைத்து மதிப்பெண் போடும் வளரறி மதிப்பீட்டில் செயல்பாடு என்றால் முன்னால் வந்து பேசுவது என்றே பழகிவிட்டோம். அதே செயல்பாட்டுக்கு வரைந்து விளக்குவது, மாதிரி செய்வது, ஆசிரியரிடம் மட்டும் சொல்வது என்று வழிகள் வையுங்கள். அளவுகோல் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும்: காரணம் சொன்னாரா, எடுத்துக்காட்டுத் தந்தாரா. பேச்சுத் திறனை மதிப்பிட வேண்டிய மொழிப்பாடத்தில் பேச்சையே மதிப்பிடலாம். அறிவியலில் பேசாததற்கு மதிப்பெண் வெட்ட வேண்டியதில்லை. பேச்சையும் பழக்கத்தான் வேண்டும், வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஊர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆசிரியரிடம் ஒரு வாக்கியம், இருவரிடம், நால்வரிடம், பிறகு வகுப்பில் எழுதி வைத்துப் படிப்பது. ஒவ்வொரு படிக்கும் இரண்டு மூன்று வாரம் கொடுங்கள்.

முன்னேற்ற அட்டையில் "அமைதியானவர், இன்னும் பங்கேற்க வேண்டும்" என்று எழுதுவதால் யாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. இப்படி எழுதலாம்: "அறிவியலில் எழுத்தில் காரணம் சொல்கிறாள். இருவர் குழுவில் பேசுகிறாள். வகுப்பு முன் இன்னும் பேசவில்லை. பின்னங்களில் உதவி தேவை." ஏப்ரலில் இதே நான்கு வரியை, ஆறு துண்டுத்தாள்களோடு சேர்த்துப் பின் போட்டு, அடுத்த வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். ஜூனில் அவர் முதல் கேள்வியைக் கேட்குமுன் அது அவர் மேசையில் இருக்க வேண்டும்.